தண்ணீர் மேல் ஓர் அடுப்பு

வள்ளம் வாடகைக்கு விடும் கமலாக்ஷி சேச்சி வாசலில் நின்றபடியே பேசினாள். அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை.

"வள்ளம் தரமாட்டேன்னு நான் சொல்லலை ஜுமைலா. தாரேன். ஆனா அந்த அடுப்பும் உன் மாப்பிள்ளையும் ஒண்ணா அதுல ஏறக் கூடாது. ரெண்டுல ஏதாவது ஒண்ணு ஏறட்டும்."

"அடுப்பு மட்டும் ஏறினா கஞ்சியை யாரு சேச்சி ஊத்திக் கொடுக்கிறது?"

"அப்போ இக்கா மட்டும் ஏறட்டும். ஆறின கஞ்சி கொடுக்கட்டும்."

உள்ளறையில் தஸ்பீஹ் மணி உருண்டுகொண்டிருந்த சத்தம் நின்றது. "ஆறின கஞ்சிக்கா நான் நேர்ந்தேன்?" என்று அத்தா சுவரைப் பார்த்துக் கேட்டார். சுவருக்கு இந்தப் பக்கம்தான் சேச்சி நின்றாள்.

அத்தாவுக்குக் கொச்சியின் கொச்சங்காடியில் சாக்குக் கடை. பழைய சாக்குகளை வாங்கி, ஓட்டை தைத்து, சுக்கும் மிளகும் கட்டுகிறவர்களுக்கு விற்பார். முகைதீன் பிச்சை என்ற பெயரைவிட 'சாக்குக் கடை பாய்' என்றால்தான் பலருக்குத் தெரியும். சில வருடங்களுக்கு முன்னால், நோன்பு மாதத்தில், அம்மாவுக்குச் சிறுநீரகத்தில் கல் வந்தது. அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்று எர்ணாகுளத்து ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அத்தா அங்கிருந்து படகில் திரும்பிக்கொண்டிருந்தபோது நடுக்காயலில் மஃரிபு பாங்கு கேட்டது. நோன்பு திறக்கக் கையில் ஒரு மிடறு தண்ணீர்கூட இல்லை. அந்த இடத்திலேயே கையேந்தி நேர்ந்துகொண்டார்: 'அல்லாவே, அவளை அறுக்காமல் காப்பாற்று. வருடா வருடம் ஒரு வெள்ளிக்கிழமை, பாங்கு நேரத்தில் தண்ணீர் மேல் இருக்கிறவர்களுக்குக் கொதிக்கக் கொதிக்க நோன்புக் கஞ்சி கொடுக்கிறேன்.'

கல் தானாகவே வெளியே வந்துவிட்டது. நேர்ச்சையும் தொடங்கிவிட்டது. காயலில் நங்கூரம் போட்டுக் கிடக்கும் சரக்குப் படகான பார்ஜின் ஆட்கள்தான் அந்தக் கஞ்சிக்கு முக்கியமான விருந்தாளிகள். 'எல்லாரும் அம்மாவுக்குக் கல் வரக் கூடாதுன்னு கேப்பாங்க. நாங்க உங்க கல்லால பிழைக்கிறோம்மா' என்று அவர்கள் அம்மாவிடம் சொல்வார்கள்.

கஞ்சியை வீட்டில் காய்ச்சித் தூக்குவாளியில் கொண்டு போனால் என்ன என்று கேட்கலாம். நோன்புக் கஞ்சி ஆறினால் சுவரொட்டி ஒட்டத்தான் ஆகும். அதோடு, அத்தா நேர்ந்தது 'கொதிக்கக் கொதிக்க'. வாய்விட்டுச் சொன்ன வார்த்தையில் ஒன்றைக்கூடக் குறைக்க மாட்டார். அதனால் வீட்டில் காய்ச்சிய கஞ்சிப் பானை பம்ப் ஸ்டவ்வோடு சேர்ந்து வள்ளத்தில் ஏறும்.

அப்படி ஏறியதில்தான் போன வருடம் அந்த வினை நடந்தது.

பம்ப் ஸ்டவ்வை நேராகப் பற்றவைக்க முடியாது. முதலில் பர்னரைச் சூடாக்க வேண்டும். அதற்காக அதன் கீழே ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும். வீட்டில் எல்லாரும் செய்வதுபோல அத்தாவும் அந்தக் கிண்ணத்தில் மண்ணெண்ணெயைக் கசிய விட்டுத் தீ வைத்தார். வீட்டில் தரை அசையாது. வள்ளம் அசையும். பயணிகள் படகு ஒன்று கடந்து போன அலையில் கிண்ணத்திலிருந்த எண்ணெய் எரிந்துகொண்டே வழிந்தது. அத்தா பதறிப்போய் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். தீ அணையவில்லை. அது தண்ணீரின் மேலேறி வள்ளத்தின் அடித்தளம் முழுக்க நடந்து போனது. சேச்சி தீப்பிடித்த தார்ப்பாயை இழுத்துக் காயலில் தள்ளி, நனைந்த சாக்கைப் போட்டு மூடியிருக்காவிட்டால் வள்ளமே மிஞ்சியிருக்காது. தார்ப்பாயில் பாதி, அத்தாவின் தாடியில் பாதி போயிற்று. பானை கவிழ்ந்தது. அன்றைக்குக் காயலில் இருந்த மீனெல்லாம் நோன்பு திறந்தது என்று அம்மா இன்றும் சொல்வாள்.

அத்தாவுக்கு அது சிரிப்பில்லை. ஒரு வருடம் நேர்ச்சை தவறிவிட்டது. இந்த வருடமும் தவறினால், தான் கையேந்திக் கொடுத்த வாக்குக்கு என்ன மரியாதை என்று நோன்பு பிறந்த நாளிலிருந்து முகம் வாடிக் கிடந்தார். மற்ற வள்ளக்காரர்கள் எல்லாரும் தார்ப்பாய்க் கதையைக் கேட்டிருந்தார்கள். கமலாக்ஷி சேச்சியை விட்டால் வேறு ஆள் கிடையாது.

"சரி சேச்சி," என்றாள் அம்மா. "என்ன செஞ்சா ஏத்துவீங்க, அதைச் சொல்லுங்க."

சேச்சி அப்போதுதான் உட்கார்ந்தாள். "மணல் நிறைச்ச பெட்டி ஒண்ணு வேணும். அடுப்பு அதுக்குள்ள இருக்கணும், கம்பியால கட்டணும். பானை ஆடாம அதையும் கட்டணும். எண்ணெய் கரையிலயே ஊத்தணும், முக்கால் அளவு. நிறைக்கக் கூடாது, காத்துக்கு இடம் வேணும். வள்ளத்துல வச்சு ஒரு சொட்டு ஊத்தக் கூடாது. நனைச்ச சாக்கு பக்கத்துல இருக்கணும்."

"சாக்குக் கடையில சாக்குக்கா பஞ்சம்?" அத்தாவின் குரல் கதவு வரை வந்துவிட்டது. பின்னாலேயே அவரும் வந்தார். "எல்லாம் செஞ்சிரலாம்."

"கழிஞ்சில்லை, இன்னும் இருக்கு. கிண்ணத்துல மண்ணெண்ணெய் ஊத்தித் தீ கத்திக்கக் கூடாது. ஸ்பிரிட் ஊத்தணும். அது புகையாது, கரி பிடிக்காது, சிந்தினா தண்ணி ஊத்தினா அணையும்."

"ஸ்பிரிட்டுன்னா?"

"ஸ்பிரிட்டுன்னா ஸ்பிரிட்டு. ஆல்கஹால்."

அத்தா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "நோன்புக் கஞ்சிக்கு அடியில சாராயமா? சேச்சி, நீங்க என்னைத் தீயில போட்டாலும் சரி..."

"போன வருஷம் நீங்களே போட்டீங்க. நான்தானே எடுத்தேன்?"

"அது இல்ல. அல்லாவுக்கு நேர்ந்த கஞ்சி. அதுல ஹராம் வாடை படக் கூடாது."

"அப்போ வள்ளம் இல்லை," என்று சேச்சி எழுந்து போய்விட்டாள்.

ஒரு நாள் முழுக்க அத்தா கடைக்குப் போனார், வந்தார், தொழுதார், சுவரைப் பார்த்தார். மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு அம்மா பரணில் ஏறினாள். சட்டி உருளும் சத்தம் கேட்டது. இறங்கும்போது அவள் கையில் தூசி படிந்த வெள்ளைக் கேன் ஒன்று இருந்தது. அதைக் கொண்டுவந்து அத்தாவின் தொழுகைப் பாயின் ஓரத்தில் வைத்தாள்.

"இது என்னன்னு தெரியுதா?"

"கொரோனா காலத்துல பள்ளிவாசலுக்கு நான் வாங்கிக் கொடுத்தது. மிச்சம்."

"எதுக்கு வாங்கிக் கொடுத்தீங்க?"

"சதக்காவா, தர்மமா. தொழ வர்றவங்க கையில தேய்க்க."

"நீங்களே வாசல்ல நின்னு ஒவ்வொரு கையிலயும் பிதுக்கி விட்டீங்கள்ல? அன்ஸியா, உனக்குத்தான் மலையாளம் வரும். இதுல என்ன எழுதியிருக்குன்னு உங்கத்தாவுக்கு வாசிச்சுக் காட்டு."

நான் வாசித்தேன். முதல் வரியிலேயே இருந்தது: எத்தில் ஆல்கஹால், எழுபது சதமானம். கொட்டை எழுத்தில்.

அத்தா கேனைப் பார்த்தார். பிறகு தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். "எழுபதா?" என்றார் மெதுவாக.

"எழுபது," என்றாள் அம்மா. "ஊரையே சாராயத்துல குளிப்பாட்டிட்டு இப்ப அடுப்புக்குக் கணக்கு பாக்குறீங்க."

அத்தா உடனே செருப்பை மாட்டிக்கொண்டு பள்ளிவாசல் உஸ்தாதைப் பார்க்கப் போனார். திரும்பி வந்தபோது முகத்தில் நோன்பு பிறந்ததிலிருந்து காணாத வெளிச்சம். "என்ன சொன்னாரு?" என்று அம்மா கேட்டாள்.

"சிரிச்சாரு. 'உங்க கையால பிதுக்கின அதைத் தேய்ச்சுக்கிட்டுதானே பாய் நான் ரெண்டு வருஷம் இமாமா நின்னேன்? கஞ்சியில ஊத்தலியே, கஞ்சிக்குக் கீழதானே எரிக்கிறீங்க? போய் ஏழைங்களுக்குச் சூடா ஊத்துங்க'ன்னாரு."

"அதை நான் சொன்னா கேக்க மாட்டீங்க."

"நீ இமாமா நின்னியா?"

வியாழக்கிழமை பின்வாசலில் ஒத்திகை நடந்தது. சேச்சி மேற்பார்வைக்கு வந்தாள். அத்தா ஒரு மீன்பெட்டியைப் பலகையால் பலப்படுத்தி, மணல் நிறைத்து, ஸ்டவ்வின் மூன்று கால்களையும் அதில் புதைத்துக் கம்பியால் இறுக்கியிருந்தார். சேச்சி பெட்டியைக் காலால் உதைத்துப் பார்த்தாள். அசையவில்லை. ஸ்பிரிட்டுக்குப் பதில் சானிடைசர் என்றதும் அவளுக்கு முதலில் முகம் சுளித்தது. அத்தா கிண்ணத்தில் அதைப் பிதுக்கியதும் குனிந்து பார்த்தாள். கஞ்சிப்பசைபோல அது கிண்ணத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. பெட்டியைச் சாய்த்தாலும் வழியவில்லை.

"இது ஸ்பிரிட்டைவிட நல்லதாணே!" என்றாள் சேச்சி. "ஒழுகாது."

அத்தா தீக்குச்சி கிழித்து வைத்தார். நல்ல வெயில். ஒன்றும் தெரியவில்லை. புகை இல்லை, சத்தம் இல்லை. குனிந்து பார்த்தார். "பிடிக்கலை," என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் பிதுக்கக் கேனின் வாயைக் கிண்ணத்துக்குக் கொண்டு போனார்.

அம்மா அவர் மணிக்கட்டில் அடித்தாள். கேன் தூரப் போய் விழுந்தது.

"அடிக்கிறியா? நோன்புல இருக்கிற மனுஷனை?"

"கையை வச்சுப் பாருங்க. மேல இல்ல, தள்ளி."

அத்தா கையை நீட்டி, வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். தீ இருந்தது. வெயிலில் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அம்மா சாக்கிலிருந்து ஒரு சணல் நூலை உருவி மேலே காட்டினாள். அது பொசுக்கென்று பற்றியது.

"படைச்சவனே," என்றார் அத்தா. "இருக்கிற தீ மேலயா ஊத்தப் போனேன்? கேன் முழுக்க வெடிச்சிருக்குமே!"

"இந்தத் தீ கள்ளன்," என்றாள் சேச்சி. "மண்ணெண்ணெய் கத்தினா ஊருக்கே தெரியும். இது சொல்லாது."

அதற்கு வழி அம்மாவின் கையிலிருந்தே வந்தது. மறுநாள் கஞ்சிக்கு உப்பு அளந்துகொண்டிருந்தவள் எரிச்சலில் விரலை உதறினாள். உப்பு சில கல் கிண்ணத்தில் விழுந்ததும் தீ மஞ்சளாக எழுந்து நின்று தன்னைக் காட்டிக்கொடுத்தது. எல்லாரும் வாய் பிளந்தோம். அத்தா இன்னொரு சிட்டிகை போட்டார். இன்னும் மஞ்சள். மூன்றாவது சிட்டிகை போடப் போனவரை அம்மா, "அடுப்புக்கு ரத்தக்கொதிப்பு வந்துரும், விடுங்க," என்று தடுத்தாள்.

பர்னர் காய்ந்ததும் அத்தா பம்பை அடித்தார். நீலத் தீ உஸ்ஸென்று பூத்தது. சேச்சி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். "நாளைக்கு மூணு மணிக்கு போட் ஜெட்டிக்கு வாங்க."

வெள்ளிக்கிழமை அடுப்பு, பெட்டி, பானை, சாக்கு எல்லாம் மட்டாஞ்சேரி படகுத்துறைக்கு உந்துவண்டியில் போயின. அத்தா கரையிலேயே முக்கால் அளவு மண்ணெண்ணெய் ஊற்றி மூடியை இறுக்கி, மிச்ச எண்ணெயைத் தெரிந்த கடையில் கொடுத்துவிட்டு வந்தார். சேச்சி எங்களுக்கு ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் கொடுத்தாள். எனக்கு ஈரச் சாக்கைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பையே பார்த்துக்கொண்டிருக்கிற வேலை. அம்மாவுக்குக் கிண்டுகிற வேலை. அத்தாவுக்குப் பம்ப் அடிக்கிற வேலை. சேச்சியின் எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடுவது. ஆனால் அது எழுந்திருக்கப் பெட்ரோல் வேண்டும். அதனால் அவள் காலடியில் இரண்டு கேன் இருந்தன. சிவப்பில் பெட்ரோல், நீலத்தில் மண்ணெண்ணெய். வள்ளம் கிளம்பியது, அடுப்பும் ஒழுங்காகப் பற்றியது.

"உப்பு பாத்து சொல்லுங்க சேச்சி," என்று அம்மா ஒரு கரண்டியை நீட்டினாள். நாங்கள் மூவரும் நோன்பு. நாக்கில் வைத்துப் பார்க்க ஆள் வேண்டும்.

சேச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எனக்கு வேண்டா."

"ஏன்? சூடா இருக்கா?"

"இன்னைக்கு நானும் நோன்பு."

"நீங்களா?"

"போன வருஷம் அத்தனை பேர் பட்டினியா இருந்து கஞ்சி இல்லாமப் போனாங்கல்லே. அந்தப் பாவத்துல என் வள்ளத்துக்கும் பங்கு உண்டு. சாயா குடிக்காம காலையில இருந்து தலை வெடிக்குது. யாரும் என்கிட்டப் பேசண்டா."

கஞ்சி கொதித்தது. காற்று இதமாக இருந்தது. கரைச் சந்தடி குறைந்து, பண்டகசாலைகளின் ஓடுகள் மட்டும் தெரியத் தொடங்கின. எல்லாம் ஒழுங்காகப் போகிறது என்று அத்தா சொன்ன பிறகுதான், பார்ஜ் வழக்கமான இடத்தில் இல்லை என்று தெரிந்தது.

அங்கே ஆழப்படுத்தும் வேலை நடந்ததால் பார்ஜை வெகு தூரம் தள்ளிக் கட்டியிருந்தார்கள். தேடிக் கண்டுபிடிக்கவே நேரம் போயிற்று. எதிர்நீரோட்டம். பார்ஜும் அதன் மேல் நின்று கையசைக்கிற ஆட்களும் சின்னதாகத் தெரிந்தபோது அடுப்பு இருமியது. தீ குறுகியது. மறுபடி இருமியது. அணைந்துவிட்டது.

அத்தா பம்ப் அடித்துப் பார்த்தார். காற்றுதான் வந்தது. "எண்ணெய் தீர்ந்துருச்சு."

சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. பாங்குக்குக் கால்மணி நேரம் இருந்தால் அதிகம். பானையின் கொதி ஒவ்வொரு குமிழாக அடங்குவதை அத்தா பார்த்துக்கொண்டே இருந்தார். 'கொதிக்கக் கொதிக்க' என்ற இரண்டு வார்த்தை அவர் கண்ணில் ஓடுவது எங்களுக்கே தெரிந்தது.

"சேச்சி, உங்க மண்ணெண்ணெயில கொஞ்சம் தாங்க."

"அடுப்பு தீ மாதிரி கிடக்கு. இப்ப மூடி திறந்தா ஆவி அடிக்கும். ஆறணும்."

"ஆறுறதுக்குள்ள பாங்கு சொல்லிருவாங்க!"

"சொல்லட்டும்."

"ஒரு டம்ளர் போதும் சேச்சி! நான் பாத்து ஊத்துறேன்!"

சொல்லிக்கொண்டே அத்தா குனிந்து சேச்சியின் காலடியிலிருந்து கேனைத் தூக்கிவிட்டார். ஒரு கை கேனில், ஒரு கை அடுப்பின் மூடியில்.

"அத்தா! சிவப்பு!"

நான்தான் கத்தினேன். பார்ஜில் இருந்தவர்களுக்கே கேட்டிருக்கும்.

அத்தா கையிலிருந்ததைப் பார்த்தார். பெட்ரோல். கேனை இரண்டு கையாலும் பிடித்து, தூங்குகிற குழந்தையை வைப்பதுபோல மெல்லக் கீழே வைத்தார். சேச்சி எஞ்சினை நிறுத்தினாள். இரண்டு கேனையும் வள்ளத்தின் பின்கோடிக்கு இழுத்துப் போனாள். நீலத்தின் மேல் உட்கார்ந்தாள். சிவப்பைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டாள்.

"இனி எடுக்கணும்னா என்னைத் தூக்கணும்," என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "இந்தப் பெண்ணுக்குச் சத்தம் உண்டா? இத்தனை வருஷம் நான் ஊமைன்னு நினைச்சேன்."

அத்தா தோளைத் தொங்கவிட்டு அடுப்பின் முன்னால் உட்கார்ந்தார். "அவசரத்துல... மூணு பேரையும்..." என்று தொடங்கி முடிக்கவில்லை.

"முடியாததைப் பேசாதீங்க. பேசுற நேரத்துக்கு அடுப்பை ஆத்துங்க," என்றாள் அம்மா. குரல் கடுமையாக இருந்தாலும் தன் கையிலிருந்த விசிறியை அவரிடம் கொடுத்தாள். அத்தா காற்றுத் திருகைத் திறந்து அழுத்தத்தை விட்டார். பிறகு அடுப்பை விசிறத் தொடங்கினார்.

பார்ஜிலிருந்து ஒரு குரல் வந்தது. அழகர். இராமநாதபுரத்துக்காரர், பார்ஜில் சுக்கான் பிடிப்பவர். அவருக்கு நோன்பு இல்லை. ஆனால் இந்த வெள்ளிக்கிழமை மட்டும் மதியச் சோற்றைச் சாப்பிடாமல் வயிற்றைக் காலியாக வைத்துக் காத்திருப்பார்.

"என்ன பாய், தீயே இல்லாத அடுப்பை விசிறிக்கிட்டு இருக்கீங்க? வேர்க்குதாமா அடுப்புக்கு?"

"உன் வேலையைப் பாருடா!"

"வேலையை முடிச்சுட்டுதான் பட்டினியா நிக்கிறோம்! இந்த வருஷமும் மீனுக்குத்தானா?"

அம்மா அதற்குள் பானையின் மூடியை மாவுப்பசை பூசினாற்போல் ஈரத்துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். பலகைக்கு அடியில் சேச்சி வள்ளத்தை வாடகைக்கு எடுப்பவர்களுக்கென்று அடுக்கி வைத்திருந்த உபரி லைஃப் ஜாக்கெட்டுகள் கிடந்தன. அம்மா ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்தாள். மெத்தென்று, தடிமனாக, உள்ளே முழுக்கப் பஞ்சுப்பலகை.

"அன்ஸியா, பானையை அடுப்பை விட்டுத் தூக்கு. அந்தக் கோடிக்கு."

கம்பியை அவிழ்த்துத் தூக்கினோம். கீழே ஒரு ஜாக்கெட், சுற்றிலும் மூன்று, தலைமேல் ஒன்று. வார்களை மாட்டி இழுத்தாள். பொருத்திகள் டக் டக்கென்று பூட்டின. ஆரஞ்சு நிறத்தில் ஒரு குண்டு மனிதன் வள்ளத்தில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது.

சேச்சி கேன் மேலிருந்து பார்த்தாள். "கஞ்சி முங்கிப் போகாது, அது உறுதி."

"துடுப்பு இருக்கா சேச்சி?"

எஞ்சினைத் தொட்டால் கேன் மேலிருந்து எழ வேண்டும் என்பதால் சேச்சி துடுப்பை அம்மாவிடம் தள்ளினாள். அம்மாவும் நானும் மாறி மாறித் துழாவினோம். அத்தா விசிறுவதை நிறுத்தவில்லை. பார்ஜ்காரர்கள் கயிறு வீசினார்கள். கயிற்றைப் பிடித்து இழுத்து வள்ளம் இரும்புச் சுவரில் இடித்த அதே நேரம், கரையில் ஒரு பள்ளியிலிருந்து பாங்கு கிளம்பியது. உடனே இன்னொன்று, பிறகு நாலா பக்கமிருந்தும்.

பேரீச்சம்பழமும் தண்ணீரும் கை மாறின. சேச்சி ஒரே மூச்சில் ஒரு பாட்டில் தண்ணீரைக் காலி செய்துவிட்டு, "சாயா இருக்கா மேலே?" என்று முதல் கேள்வி கேட்டாள்.

பானை மேலே போயிற்று. ஜாக்கெட்டுகளை அவிழ்க்கும்போது எல்லாரும் சுற்றி நின்றார்கள். அத்தா மட்டும் பின்னால் நின்றார். மூடி திறந்ததும் ஆவி குப்பென்று வந்து அம்மாவின் முகத்தை மறைத்தது. முதல் கிண்ணம் அழகருக்குப் போனது. மதியத்திலிருந்து காலி வயிறு. ஊதாமல் ஒரு வாய் உறிஞ்சினார்.

"ஆ! அய்யோ! நாக்கு வெந்துபோச்சு பாய்!"

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று அத்தா இரண்டு கையையும் தூக்கினார்.

"என் நாக்கு வெந்ததுக்கா?"

"நிஜமாவே வெந்துச்சா? பொய் சொல்லக் கூடாது. நேர்ச்சைக் காரியம்."

அழகர் நாக்கை நீட்டிக் காட்டினார். அத்தா குனிந்து, விளக்கு வெளிச்சத்தில் அதை டாக்டர்போலப் பார்த்தார். திருப்தியாகத் தலையசைத்தார். பிறகு அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அழகரின் கஞ்சி இருவர் சட்டையிலும் கொட்டியது. பார்ஜில் வேலை பார்க்கும் வங்காளத்துப் பையன்கள் கிண்ணங்களை நீட்டிக்கொண்டு சிரித்தார்கள். அத்தா எல்லாருக்கும் தன் கையால் ஊற்றினார். ஊற்றும்போது ஒவ்வொருவரிடமும், "சூடா இருக்கா?" என்று கேட்டார். மூன்றாவது ஆளிலிருந்து அவர் கேட்பதற்கு முன்பே, "சூடு, சூடு!" என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

எல்லாம் அடங்கியபோது தூரத்தில் சின்ன விளக்கு ஒன்று ஆடிக்கொண்டு வந்தது. சீனவலைக்காரர்கள் நாலு பேர் படகில். "பாயி, ஞங்களுக்கு உண்டோ?" என்று குரல் கொடுத்தார்கள். பானையில் கஞ்சி இருந்தது. ஆனால் இப்போது கைபொறுக்கும் சூடுதான்.

அத்தா அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்பைப் பார்த்தாள். மணல்பெட்டியோடு அதை பார்ஜின் இரும்புத் தளத்துக்கு ஏற்றி, காற்று அடிக்காத மூலையில் வைத்திருந்தார்கள். அத்தா அதன் பக்கத்தில் போய்க் குந்தினார். புறங்கையால் எண்ணெய்த் தொட்டியைத் தொட்டார். பர்னருக்குக் கிட்டே கையைக் கொண்டு போனார்.

"சேச்சி," என்று கூப்பிட்டார். "ஊத்தலாமா?"

சேச்சி கட்டன் சாயாவை ஊதிக்கொண்டு, நீலக் கேனை மடியில் வைத்திருந்தாள். "என்கிட்ட எதுக்குக் கேக்குறீங்க இக்கா? அடுப்புகிட்ட கேளுங்க."

வலைக்காரர்கள் பார்ஜில் ஏறி வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவன் கிண்ணத்தை விரலால் தட்டித் தாளம் போட்டான். "வயிறு விசக்குது பாயி! ஆறினதா இருந்தாலும் மதி, போதும்!"

"பேசாம இரு," என்றார் அத்தா. பர்னரை மறுபடி தொட்டுப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் சூடு இருக்கு."

சொல்லிவிட்டு விசிறியை எடுத்தார்.